உரியும் குரோம் சக்கரம்: ஆசிட் பாட்டிலைத் திறக்கும் முன் யோசியுங்கள்!

பளபளப்பு போனால் போகட்டும். காற்றையும் கிணற்றையும் காப்பாற்றுங்கள்

வேதாரண்யம் பக்கம் மல்லிகை சாகுபடி செய்யும் விவசாயி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்பு பழைய கார் ஒன்றை வாங்கினார். அதை முன்பு வைத்திருந்தவர், காரோடு வந்த இரும்பு ரிம்களைக் கழற்றிவிட்டு வெளிக்கடையில் வாங்கிய குரோம் அலாய் சக்கரங்களை மாட்டியிருந்தார். குனிந்து பார்த்தால் முகம் தெரியும். ‘சக்கரத்தைப் பார்த்துத்தான் காரையே வாங்கினார்’ என்று வீட்டில் கேலி பேசுவார்கள். விடியும் முன் பறித்த மொட்டுகளை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவதும், திரும்பும்போது உர மூட்டை ஏற்றி வருவதும் அந்தக் காரில்தான்.

இரண்டு மழைக்காலம் கழிந்ததும் சக்கர ஓரங்களில் கொப்புளம் கிளம்பியது. பிறகு தகடு தகடாக உரிய ஆரம்பித்தது. அழகுதானே போகிறது என்று விட்டுவிட்டார். ஒரு நாள் விடியற்காலை பூக்கூடையை ஏற்றப் போனால், பின்சக்கரத்தில் ஒரு பக்கம் காற்றே இல்லை. காற்றடித்துக் கிளம்புவதற்குள் நேரமாகிவிட்டது. மொட்டு விரிந்துவிட்ட பூவுக்கு என்ன விலை கிடைக்கும் என்பது மல்லிகை போடுகிறவர்களுக்குத் தெரியும்.

பஞ்சர் கடைக்காரர் டயரைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, டயர்ல ஆணி, முள்ளு ஒண்ணும் இல்ல. ரிம்முதான் காத்த விடுது.” எங்கே என்று விரலால் தடவிப் பார்த்தவருக்கு, உரிந்த குரோம் பிளேடு போலக் கிழித்து ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

பக்கத்தில் நின்ற ஒருவர், “பாத்ரூம் கழுவுற ஆசிட்ட ஊத்துனா அம்புட்டும் கழண்டுடும்” என்று யோசனை சொன்னார். மறுநாள் சக்கரத்தைக் கழற்றிக் கிணற்றடித் துவைகல் பக்கம் வைத்து, ஆசிட் பாட்டிலும் கையுமாக நின்றவரை மனைவி தடுத்துவிட்டார். “என்னங்க, இந்தக் கெணத்துத் தண்ணியத்தானே புள்ளைங்க குடிக்குது?”

அந்த ஒரு கேள்வி பெரிய கேட்டைத் தடுத்தது. ஏன் என்று பார்ப்போம்.

குரோம் ஏன் உரிகிறது?

குரோம் சக்கரம் என்பது முழுக்கக் குரோமியத்தால் ஆனதல்ல. உள்ளே இருப்பது அலுமினியக் கலவை. அதன்மேல் பெரும்பாலும் செம்பு, அதற்கு மேல் நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலே குரோமியம் என்று மின்முலாம் பூசுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் அந்தக் குரோமியப் படலத்தின் தடிமன் பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நம் தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும்.

குரோமியம் எளிதில் துருப்பிடிக்காது. ஆனால் அந்த மெல்லிய படலத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களும் துளைகளும் உண்டு. சாலையில் தெறிக்கும் கல், டயர் கழற்றும் கடப்பாரை ஆகியவை பட்ட இடத்தில் கீறலும் விழும். அந்த வழியாக உப்புத் தண்ணீர் அடியில் இறங்குகிறது. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒட்டியிருந்து நடுவே உப்பு ஈரமும் சேர்ந்தால், பேட்டரியில் நடப்பது போன்ற வேலை நடக்கும். அதில் அரிபடுவது அலுமினியம். அரிந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக மாறி, இருந்த இடம் போதாமல் உப்புகிறது. மேலே இருக்கும் முலாம் கொப்புளித்து உரிகிறது. நனைந்த சுவரில் உப்புப் பூத்து வெள்ளையடித்த சுண்ணாம்பு பெயர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே கதைதான்.

அதனால்தான் உரிந்த குரோமைப் பசை போட்டு ஒட்ட முடியாது. ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தினாலும், அடியில் அரிப்பு நகர்ந்துகொண்டே இருக்கும்.

விவசாயி வீட்டுக் காருக்கு ஏன் சீக்கிரம் வருகிறது?

நகரத்துக் காருக்கு மழையும் சேறும்தான் எதிரி. நம் காருக்கு இன்னும் நாலு எதிரிகள் உண்டு.

ஒன்று, கடல் காற்று. வேதாரண்யம் போன்ற உப்பளப் பகுதியில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. காரை ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் சக்கரத்தில் உப்புப் படியும்.

இரண்டு, உரம். நாம் போடும் மியூரேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் ஏறக்குறைய 47 சதவீதம் குளோரைடு. மூட்டையிலிருந்து சிந்திய பொட்டாஷ் சக்கரத்தில் ஒட்டி, பனியில் கரைந்தால் உப்புத் தண்ணீர் தெளித்ததற்குச் சமம்.

மூன்று, மாட்டுக் கொட்டகை. கோமியத்திலிருந்து வரும் அம்மோனியா செம்பை அரிக்கக்கூடியது. கீறல் விழுந்த முலாமின் அடியில் இருப்பதும் செம்புதான்.

நான்கு, உவர்நீர். உப்பு போர்வெல் தண்ணீரில் காரைக் கழுவித் துடைக்காமல் விட்டால், தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது காற்று

குரோம் உரிந்தால் பலரும் பார்ப்பது வெளிமுகத்தை. ஆபத்து இருப்பது டயரின் விளிம்பு ரிம்மில் அழுந்தி உட்காரும் இடத்தில். டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து வைப்பது அந்த இடம்தான். அங்கே முலாம் உரிந்து வெள்ளைப் பொடி பூத்தால், காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இதைத்தான் பஞ்சர் கடையில் ‘ரிம் லீக்’ என்பார்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலை நேரத்தில் காற்றின் அளவைக் குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு குறைவது இயல்பு. வாரத்திலேயே இரண்டு மூன்று பவுண்டு குறைந்தால் கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீரை ரிம் ஓரம் முழுக்கவும் வால்விலும் ஊற்றினால், கசியும் இடத்தில் நுரை கிளம்பும். சக்கரத்தின் உள்பக்க ஓரத்தையும் மறக்காமல் பார்க்க வேண்டும்.

காற்றுக் குறைந்த டயரில் பாரம் ஏற்றி வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கலாம். நெடுஞ்சாலையில் அப்படி நடந்தால் பூ விலை மட்டும் போகாது.

ஆசிட் ஏன் கூடாது?

கழிவறை கழுவும் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது குரோமியத்தை மட்டும் கரைத்துவிட்டு நிற்காது. அடியில் இருக்கும் அலுமினியத்தையும் வேகமாக அரிக்கும். சூடேறிப் பொங்கும். எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். அரிபட்ட சக்கரம் எவ்வளவு பலமிழந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்தது தண்ணீர். குரோமியத்தில் இரண்டு வடிவங்கள் முக்கியம். முலாம் பூசும் தொட்டியில் காலங்காலமாகப் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. வீட்டில் ஆசிட் ஊற்றும்போது கரைந்து வருவது பெரும்பாலும் அதைவிட நச்சு குறைந்த மூன்று இணைதிறன் வடிவம். ஆனால் நிம்மதிப்பட முடியாது. அதோடு நிக்கலும் ஓரளவு செம்பும் சேர்ந்து கரையக்கூடும். கவரிங் நகை போட்டால் சிலருக்குக் கழுத்தில் அரிப்பும் தடிப்பும் வருமே, அதற்குப் பெரும்பாலும் காரணம் நிக்கல்தான். இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேலும், நிக்கல் 0.02 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக்கூடாது. எவ்வளவு சிறிய அளவு என்று எண்ணிப் பாருங்கள்.

வேதாரண்யம் போன்ற மணல் பாங்கான ஊர்களில், கீழே உள்ள உவர்நீருக்கு மேல் ஆழமில்லாத நன்னீர்தான் கிணற்றுக்கு ஆதாரம். மணலில் ஊற்றியது தங்காமல் இறங்கிவிடும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, சுற்றுவட்டார நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்பது தமிழ்நாடு அறிந்தது. நாலு சக்கரத்தை அதோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் கிணற்றடியில் ஊற்றினால் கெடுவது நம் சொந்தக் கிணறு.

பழுத்த ரிம்மை கிரைண்டரில் தேய்ப்பதும் நல்லதல்ல. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகும்.

என்னதான் செய்யலாம்?

1. உரிதல் வெளிமுகத்தில் மட்டும் இருந்து, காற்றும் கசியவில்லை என்றால் அப்படியே ஓட்டலாம். தொங்கும் தகடுகளைத் தோல் கையுறை போட்டு, இடுக்கியால் எடுத்துவிடுங்கள். குழந்தைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. ரிம் லீக் மட்டும் இருந்தால், டயரைக் கழற்றி, விளிம்பு உட்காரும் இடத்தில் உள்ள வெள்ளைப் பொடியையும் உரிந்த முலாமையும் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ரிம் சீலர் தடவி மாட்டலாம். தேய்க்கும்போது முகக்கவசம் போட வேண்டும். உரிதல் நிற்காததால் மறுபடியும் கசிய வாய்ப்பு உண்டு.

3. சக்கரம் நல்ல பலத்தோடு இருந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியுள்ள பிளேட்டிங் பட்டறையில் முலாமை முழுக்க எடுத்துவிட்டு பவுடர் கோட்டிங் செய்யலாம். கேஸ் விளக்கால் சூடுகாட்டி உரிக்கும் இடத்தில் கொடுக்காதீர்கள். அதிகச் சூடுபட்டால் அலுமினியம் பலம் இழக்கும்.

4. ஆழமாக அரித்திருந்தாலோ, விரிசலோ நெளிவோ தெரிந்தாலோ சக்கரத்தை மாற்றுவதுதான் வழி. விரிசலை வெல்டிங் வைத்து ஓட்ட வேண்டாம். அந்தக் காரின் மாடலுக்கே உரிய இரும்பு ரிம் வாங்கினால் போதும். நட்டுகளையும் கவனியுங்கள். அலாய்க்கு வந்த நட்டின் அடிப்பகுதி வடிவம் இரும்பு ரிம்முக்குப் பொருந்தாமல் போகலாம். மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.

உரியாமல் காக்க

* உரம் ஏற்றிய அன்றே சக்கரத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உள்பக்கமும் கழுவ வேண்டும்.
* சக்கரம் ஆறிய பிறகு, ஷாம்பு கலந்த தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். கம்பி நார், பிளீச்சிங் பவுடர், ஆசிட் கலந்த ரிம் கிளீனர் வேண்டாம்.
* கழுவியதும் துணியால் ஈரம் போகத் துடையுங்கள்.
* இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கார் மெழுகு பூசுங்கள்.
* உர மூட்டை அடுக்கிய இடத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் காரை நிறுத்தாதீர்கள்.

வாசகர் கேள்விகள்

உரிந்த குரோம் மேலேயே பெயின்ட் அடித்துவிட்டால் என்ன?
பெயின்ட் குரோமைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஆனால் அடியில் குரோமே அலுமினியத்தை விட்டுக் கழன்றுகொண்டிருக்கிறது. சில மாதங்களில் பெயின்டோடு சேர்ந்து உரியும்.

ரிம் லீக்குக்கு டியூப் போட்டு ஓட்டலாமா?
கூடாது. உள்ளே உரிந்து நிற்கும் தகடு டியூபைக் கிழிக்கும். டியூப்லெஸ் டயரில் காற்று மெல்லக் கசியும். கிழிந்த டியூபில் ஒரேயடியாகப் போய்விடும்.

டிராக்டர் ஹைட்ராலிக் ராடில் குரோம் உரிகிறது. தேய்த்துவிடலாமா?
அதில் இருப்பது அலங்காரக் குரோம் அல்ல, பல மடங்கு தடிமனான கடினக் குரோம். உரிந்த ஓரம் ஆயில் சீலை அறுத்து எண்ணெய் ஒழுகும். சீலை மட்டும் மாற்றினால் மறுபடி அறுக்கும். ராடைக் கழற்றி, ஹைட்ராலிக் வேலை செய்யும் பட்டறையில் மறுமுலாம் பூசுங்கள் அல்லது ராடை மாற்றுங்கள்.

ஏற்கனவே கிணற்றடியில் ஆசிட் ஊற்றிவிட்டேன். இப்போது என்ன செய்வது?
நனைந்த மண்ணின் மேல் நீற்றிய சுண்ணாம்பைத் தூவிக் கலந்து, கையுறை போட்டு அள்ளி மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் வையுங்கள். வயலிலோ குப்பைக்குழியிலோ கொட்ட வேண்டாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் குரோமியம், நிக்கல் சோதனைக்கு வழி கேளுங்கள். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எடுப்பது நல்லது.

மல்லிகை விவசாயியின் காரில் இப்போது ஓடுவது கறுப்பு இரும்பு ரிம்கள். கழற்றிய அலாய் சக்கரங்கள் அலுமினிய விலைக்குப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. முகம் பார்க்க முடியவில்லை என்ற குறை அவருக்கு உண்டு. ஆனால் விடிவதற்குள் பூக்கூடை மார்க்கெட் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கிணற்றுத் தண்ணீரைப் பிள்ளைகள் முன்போலவே குடிக்கிறார்கள்.