சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்

ஆன்லைன் பயிற்சியில் வீடியோ நின்றால் சான்றிதழும் நிற்கிறது. கோளாறு எங்கே?

புதிய கற்பித்தல் முறையை விளக்கப் பேராசிரியர் வாயைத் திறக்கிறார். திறந்த வாய் அப்படியே நின்றுவிடுகிறது. திரையின் நடுவே சிறு வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பிக்கிறது. 2020 அக்டோபரில் மத்திய அரசின் 'நிஷ்தா' ஆசிரியர் பயிற்சி 18 பாடங்களோடு 'தீக்ஷா' தளத்துக்கு மாறியது. பீகாரானாலும் ஒடிசாவானாலும் கிராமத்து ஆசிரியர்களுக்கு இந்த வட்டம் அந்நியமானதல்ல.

சினிமா நின்றால் எரிச்சலோடு போயிற்று. பயிற்சி அப்படியல்ல. வீடியோ முழுதும் ஓடினால்தான் பாடம் முடிந்ததாகப் பதிவாகும் என்பது பல பயிற்சிகளின் விதி. கடைசி நிமிடத்தில் படம் உறைந்தால், உட்கார்ந்து பார்த்ததற்குச் சாட்சி இல்லை.

முதல் குற்றவாளி, 'நெட் சரியில்லை'. பல நேரம் அது உண்மைதான். விநாடிக்கு 1 மெகாபிட் கேட்கும் 20 நிமிட வீடியோ சுமார் 150 எம்.பி. அன்றாட டேட்டா தீர்ந்ததும் பல செல்போன் திட்டங்களில் வேகம் 64 கிலோபிட்டாகச் சரிகிறது. அந்த வேகத்தில் அதே பாடம் வந்து சேர ஐந்து மணி நேரத்துக்கு மேலாகும். பள்ளிக்கூடமே முடிந்துவிடும்!

'யூடியூப் ஓடுகிறதே, இது மட்டும் ஏன் ஓடவில்லை?' உதவி மையங்களைத் திணறடிக்கும் கேள்வி இது. யூடியூப் ஒவ்வொரு படத்தையும் பல தரங்களில் சிறு சிறு துண்டுகளாக வைத்திருக்கிறது. வேகம் குறைந்தால் மங்கலான துண்டை அனுப்பிச் சமாளித்துவிடும். சிக்கனமாக உருவான பயிற்சித் தளங்கள் சிலவற்றிலோ ஒரே ஒரு கோப்பு, ஒரே தரம். இறங்கி வரப் படியே கிடையாது. பழியோ பார்ப்பவர் மேல்.

எனவே அனுபவசாலிகள் எதையும் தொடுமுன் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். எல்லா வீடியோவுமா, இது மட்டுமா? இது மட்டும்தான் என்றால் கோப்பே பழுது. பயனாளி தலையைப் பிய்த்துக்கொள்வதில் பயனில்லை. அலுவலகத்தில் ஓடாதது செல்போன் டேட்டாவில் ஓடுகிறதா? ஓடினால் அலுவலக நெட்வொர்க் வீடியோவைத் தடுத்து வைத்திருக்கக்கூடும். ஒலி வந்து படம் மட்டும் கறுப்பாக இருந்தால் நெட்டின் மேல் குற்றமில்லை. படத்தை விரிக்கும் கோடெக்கைக் கவனிக்க வேண்டும். 2020 டிசம்பர் 31-ல் ஃபிளாஷுக்கு அடோபி விடை கொடுத்தபின், அதில் தயாரான பழைய பாடங்களைப் புதிய பிரவுசர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும்விட வேடிக்கையானது கடிகாரக் கோளாறு. பள்ளிகளில் தூசி படிந்த பழைய கம்ப்யூட்டர்களுக்குள் நாணயம் போன்ற பேட்டரி ஒன்று இருக்கும். அது செத்துவிட்டால், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போகிறது. தளத்தின் பாதுகாப்புச் சான்றையோ இன்றைய தேதியோடு ஒப்பிட வேண்டும். கம்ப்யூட்டரின் கணக்கில் அந்தச் சான்று இன்னும் பிறக்கவே இல்லை! பிரவுசர் 'ஆபத்து' என்று கதவைச் சாத்துகிறது. கேபிளை மாற்றி, மோடத்தை மாற்றி, யாரும் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பார்ப்பதில்லை. புது பேட்டரிக்கு இரண்டு பேர் டீ, வடை சாப்பிடும் செலவுதான்.

நெட் நிஜமாகவே மோசமான ஊர்களில் ஒரே வழி, நல்ல சிக்னல் உள்ள இடத்தில் டவுன்லோடு செய்துகொண்டு வீட்டில் பார்ப்பது. என்.பி.டி.இ.எல். பாடங்களில் இந்த வசதி உண்டு.

1975-76ல் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 சாட்டிலைட் மூலம் 6 மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி டி.வி. போனது. கம்பிவலை ஆன்டெனாதான், ஆசிரியர் பயிற்சியும் அதில் உண்டு. அதன் வாரிசு மாதிரி 2017-ல் வந்தது 'ஸ்வயம் பிரபா' டி.டி.எச். சேனல்கள். நாளுக்கு 4 மணி நேரப் புதுப் பாடம், மேலும் 5 முறை மறுஒளிபரப்பு என்பது திட்டம். அதில் வட்டம் சுற்றாது. ஆனால் யார் கடைசிவரை பார்த்தார்கள் என்பது டி.வி.க்குத் தெரியாது.