பாதாளச் சாக்கடை இயந்திரம்: வாங்குவதா, வாடகைக்கு அமர்த்துவதா?



கடைவீதியில் பாதாளச் சாக்கடை பொங்கினால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் நாம்தான். வாசலில் கழிவுநீர் தேங்கினால் வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். குடோனில் அடிவரிசை மூட்டைகள் நனைந்தால் அந்த நஷ்டத்தை யாரும் ஈடுகட்டப் போவதில்லை. எனவே அடைப்பு நீக்கும் இயந்திரம் வாங்குவது பற்றி நகராட்சி மன்றத்தில் தீர்மானம் வரும்போது, அது அதிகாரிகள் பாடு என்று நாம் ஒதுங்கியிருக்கக் கூடாது. செலவாவது நம் வரிப்பணம்.

எந்த இயந்திரம் எதற்கு?

ஜெட்டிங் லாரி, குழாய்க்குள் மிகுந்த அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சும். அதன் ஹோஸ் முனையில் பின்நோக்கிய துளைகள் உண்டு. அவற்றின் வழியே பாயும் நீர் ஹோஸை முன்னே தள்ளுவதோடு, மண்ணையும் கசடையும் குழி வரை அடித்து வரும். அவ்வாறு சேர்ந்த கசடை உறிஞ்சி டேங்கில் ஏற்றுவது உறிஞ்சு லாரி. மூன்றாவது வகை, குழிக்குள் இயந்திரக் கையை இறக்கிக் கசடை அள்ளும் ரோபோ. கேரளத்து இளைஞர்கள் உருவாக்கிய 'பேண்டிகூட்' என்னும் ரோபோ 2018-இல் திருவனந்தபுரத்தில் அறிமுகமாயிற்று. அதே ஆண்டில் நம் கும்பகோணத்துக்கும் வந்தது.

ரோபோ குழியைச் சுத்தம் செய்யும். இரு குழிகளுக்கு இடையே குழாயில் உள்ள அடைப்பை நீக்க ஜெட்டிங் இயந்திரமே வேண்டும். இந்த வேறுபாட்டைக் கேட்டறியாமல் வாங்கினால், எடைக்கல் இல்லாமல் தராசு வாங்கிய கதையாகிவிடும்.

ஹைதராபாத் செய்த முடிவு

ஹைதராபாத் குடிநீர் வாரியத்திடம் பெரிய இயந்திரங்கள் முன்பே இருந்தன. ஆனால் அவை குறுகிய சந்துகளில் நுழையவில்லை. 2017-இல் அவ்வாரியம் 70 சிறிய ஜெட்டிங் வண்டிகளைப் பணியில் இறக்கியது. தலித் தொழில் வர்த்தக சபையின் துணையோடு, தனி உரிமையாளர்கள் அவற்றை வாங்கி ஓட்டினார்கள். வாரியம் வேலைக்குக் கூலி கொடுத்தது. 2019-இல் டில்லி குடிநீர் வாரியம் இதே முறையில் 200 வண்டிகளை இறக்கியது. சாக்கடையில் இறங்கி வேலை செய்தவர்களுக்கும், அதில் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கும் உரிமையாளராக முன்னுரிமை தரப்பட்டது.

நமக்குத் தெரிந்த கணக்கு

சொந்த வண்டியா, வாடகை வண்டியா என்பது நமக்குப் புதிய கேள்வி அல்ல. சொந்த வண்டிக்கு விலை கொடுத்தால் மட்டும் போதாது. டிரைவர் சம்பளம், டீசல், டயர், இன்சூரன்ஸ், எப்.சி. எல்லாம் உண்டு. பம்ப் பழுதானால் உதிரிபாகம் வரும் வரை வண்டி ஷெட்டில்தான் நிற்கும். வாடகை வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சீசனில் கிடைக்காது. சாக்கடைக்குச் சீசன் மழைக்காலம்.

ஆகவே மன்றத்தில் நாம் கேட்க வேண்டியவை இவை: வண்டி நம் கடைவீதிச் சந்துகளில் நுழையுமா? பயிற்சி பெற்ற ஆட்கள் உண்டா? பராமரிப்புக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கப்படுமா? அள்ளிய கசடை எங்கே கொட்டுவார்கள்? வாடகை என்றால், புகார் கொடுத்து எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதா? இவற்றுக்குப் பதில் இருந்தால் வாங்கினாலும் சரி, அமர்த்தினாலும் சரி. பதில் இல்லையென்றால் இரண்டும் வீண்செலவே.

உயிர்க் கணக்கு

இந்த இயந்திரம் வசதிக்காக மட்டும் அல்ல. குழிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் முகரும் சக்தியே மரத்துப்போகும். நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்குபவர் மேலே வருவதில்லை. அவரைத் தூக்க இறங்குபவரும் அவ்வாறே மாண்டுபோவதுண்டு.

2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றிச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது குற்றம். முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை. இது நகராட்சிக்கு மட்டும் அல்ல, கடையின் பின்புறத் தொட்டிக்கு ஆளைக் கூப்பிடும் நமக்கும் பொருந்தும். உயிரிழந்தோர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் என நிர்ணயித்து, 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் போன உயிர் திரும்பாது.

நம் பங்கு

அடைப்பில் நம் கைவரிசையும் உண்டு. பாலிதீன் பை, சணல் பிசிறு, வெங்காயச் சருகு ஆகியவற்றைக் கூட்டிச் சாக்கடையில் தள்ளுகிறோம். உணவுக்கடை எண்ணெய்க் கசடு குழாயில் உறைந்து கல்லாகிறது. குப்பையைத் தொட்டியில் சேர்ப்போம். உணவுக்கடைக்காரர்கள் எண்ணெயை வடித்துப் பிடிக்கும் தொட்டி அமைக்கட்டும். அடைப்பு என்றால் நூறு இருநூறு கொடுத்து ஆளை இறக்காமல், நகராட்சிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ரசீது பெறுவோம். அந்த ரசீதுகள் சேர்ந்தால், மன்றத்தில் இயந்திரம் கேட்க அதைவிட வலுவான சான்று நமக்கு வேறில்லை.