தேக்கடி: நம் வயலுக்கு வரும் தண்ணீருக்குப் பின்னால் ஒரு காடு!

கம்பம் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: ‘‘அணையில எத்தனை அடி தண்ணி நிக்குது?’’ பதிலைக் கேட்டுத்தான் பலரும் நாற்றுப் பாவுவதைப் பற்றியே யோசிப்பார்கள். அந்தத் தண்ணீர் நிற்கும் இடத்தைப் பார்க்க லோயர்கேம்ப்பிலிருந்து மலையேறி, குமுளி வழியாகத் தேக்கடிக்குப் போக வேண்டும்.

படகு கிளம்பியதும் முதலில் கண்ணில் படுபவை, ஏரிக்கு நடுவே கறுத்து நிற்கும் மொட்டை மரங்கள். பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் ஆற்றை மறித்தபோது மூழ்கிய காட்டின் மிச்சம் இவை. நூறு வருடம் தாண்டியும் முழுதாக மட்கவில்லை. அவற்றின் மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து வெயில் காய்கின்றன.

சுமார் 26 சதுர கி.மீ. பரப்புள்ள இந்த ஏரியைச் சுற்றியிருக்கும் காட்டை, 1934-ல் திருவிதாங்கூர் அரசு வேட்டையிலிருந்து காப்பாற்றியது. 1950-ல் சரணாலயம் விரிந்தது. 1978-ல் புலிகள் காப்பகம் ஆனது. இன்று அதன் பரப்பு 925 சதுர கி.மீ.

கோடையில் நீர் இறங்கினால் கரையில் பசும்புல் முளைக்கும். யானைகள், காட்டெருமைகள், மிளா மான்கள் மேய வரும். பருவமழையில் ஏரி நிறைந்தால் புல்வெளி மூழ்கிவிடும். அவை உள்காட்டுக்குப் போய்விடும். விலங்குகளைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குக் கோடையே நல்லது.

இங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வரும் தண்ணீர்தான் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்குப் பயன்படுகிறது. மழைநீரைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடுவது இந்தக் காடு. மரங்கள் போனால் மண் சரிந்து ஏரிக்குள் வரும். அப்புறம் எத்தனை அடி நின்றாலும், அதில் பாதி சேறாகத்தான் இருக்கும்!

இதைப் புரிந்துகொண்டவர்களில் முக்கியமானவர்கள், ஒரு காலத்தில் இங்கே காட்டு இலவங்கப்பட்டை உரித்துக் கடத்தியவர்கள். 1990-களின் இறுதியில் வனத்துறையோடு கைகோத்த அவர்கள், ரோந்து போகும் காவலர்களாகவும் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்கு அத்துப்படி.

அடுத்த விடுமுறைக்குத் தேக்கடி போகிறீர்களா? படகில் சத்தம் போடாதீர்கள். பிளாஸ்டிக் எதையும் விட்டுவராதீர்கள். கரையில் யானையைக் காட்டும்போது, நம் வீட்டுச் சோற்றுக்கும் அந்தக் காட்டுக்கும் உள்ள உறவையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.