அயலவர் செல்லத் தயங்கும் வீடு

ஊரில் ஒருவர் நோயுற்று இறந்தால் அயலவர் திரண்டு வருவர். எட்டும் அந்தியேட்டியும் கழியும்வரை அவ்வீட்டில் ஆள் நடமாட்டம் குறையாது. ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டாலோ, வாயில் விரைவில் வெறிச்சோடி விடுகின்றது. பொலிசாரும் மரண விசாரணை அதிகாரியும் வினவுவது அவர்தம் கடமை. "ஏன் இப்படிச் செய்தார்?" என்று அயலவரும் வினவுவது எவ்வாறு கடமையாகும்?

அவ்வினாவை அவ்வீட்டார் தமக்குள்ளே ஓயாது கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர். முதல்நாள் சினந்து பேசிய தாய் அச்சொல்லையே எண்ணி எண்ணி உருகுவாள். உண்மையில் இத்தகைய மரணத்திற்கு ஒற்றைக் காரணம் இருப்பது அரிது. மனச்சோர்வு, மது, கடன், உடல்நோவு, கணநேரக் கொதிப்பு எனப் பலவும் ஒன்றுசேர்கின்றன. இலங்கையின் அனுபவமே இதற்குச் சான்று. 1995ஆம் ஆண்டளவில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் இவ்வாறு மாண்டனர். கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அத்தொகை பாதிக்கும் கீழே இறங்கிற்று. அவ்வாண்டுகளில் வறுமையும் குடும்பப் பிணக்கும் ஒழிந்துவிடவில்லை. கைக்கெட்டிய நஞ்சே அகன்றது. ஆதலின் இதனைத் தலைவிதி என்பதும் குடும்பத்தின் சாபம் என்பதும் பொருந்தா. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டமும் 1998இல் நீங்கிற்று. ஊராரின் ஏச்சு மட்டும் இன்னும் நீங்கவில்லை.

அவ்வீட்டிற்குச் செல்லுங்கள். இறந்தவரின் பெயரைக் கூசாது சொல்லுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள்; அவர்களிடம் பொய் புனையாது, வயதுக்கேற்ப உண்மையை உரைப்பதே நன்று.

வாரங்கள் பல கழிந்தும் உறக்கமும் உணவுமின்றி ஒருவர் வாடினால், "உயிரை விடும் எண்ணம் உண்டா?" என நேரே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் முளைப்பதில்லை. உண்டென்றால் அவரைத் தனியே விடாது உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். யாழ்ப்பாணத்தார்க்குப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணமில்லை. 1926 என்னும் தேசிய மனநலத் தொலைபேசி எண்ணிலே தமிழிலும் பேசலாம். 1974 முதல் இயங்கும் சுமித்திரயோ சங்கத்தாரும் குறைகூறாது செவிமடுப்பர்.

பலரைத் தடுத்து நிறுத்துவது தூரமன்று; "பைத்தியம்" என்ற சொல்லுக்கு அஞ்சும் அச்சமே. கிளினிக் நாளன்று உறவினர் ஒருவர் உடன் சென்று, வரிசையில் அருகே அமர்ந்திருந்தால், அவ்வச்சம் பெரும்பாலும் தணியும். அடுத்த தவணைக்கும் அவர் தவறாது வருவார்.