பழைய லொறியின் மின்பழுதுகள்

எம் கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்திலே ஓமின் விதியைப் பரிசோதித்து, குறிப்பேட்டில் வரைபடங் கீறிய மாணவருட் பலர், அவ்விதியைப் பரீட்சை மண்டப வாயிலிலேயே விட்டுச் செல்வர். யானும் அங்ஙனம் விட்டுச் சென்றவனே. பல ஆண்டுகட்குப் பின்னர், மீன் ஏற்றும் பழைய லொறியொன்று அதனை எனக்கு மீண்டுங் கற்பித்தது.

அந்த லொறியைப் பேய் பிடித்துள்ளதென்றே அதன் சாரதி நம்பினார். பகலிற் பிரேக்கை மிதித்தால், முன்புறச் சிறுவிளக்குகளும் மானிப் பலகை விளக்குகளும் மங்கலாக ஒளிர்ந்தன. வலப்பக்கச் சைகை விளக்கைப் போட்டால், வால்விளக்குகளும் அதனோடு சேர்ந்து துடித்தன. முன்னர்ப் பார்த்த மின்வேலைக்காரர் இருவர் மின்குமிழ்களையும் ஆளியையும் சைகைப் பெட்டியையும் மாற்றிக் கூலியும் பெற்றுச் சென்றனர். பேய் மட்டும் போகவில்லை. ஓரிரவு மாட்டு வண்டியொன்றைக் கண்டு சாரதி பிரேக்கை மிதிக்க, பின்னால் வந்த பேருந்து அரைச் சாண் இடைவெளியில் தப்பியது. இடப்பக்க விளக்கைத் தறப்பாள் மறைத்திருந்தது. "வெளிச்சம் கூடவேண்டிய நேரத்திலே உன்னுடைய விளக்கு நூர்ந்துபோச்சு" என்று பேருந்துக்காரர் ஏசினாராம். அவர் சொன்னது முற்றிலும் உண்மை.

மோட்டார் வண்டியில் ஒவ்வொரு விளக்குக்கும் இரு கம்பிகள் இழுக்கப்படுவதில்லை. மின்னோட்டம் கம்பி வழியே சென்று, இரும்பு அடிச்சட்டத்தின் வழியே மின்கலவடுக்கிற்குத் திரும்புகின்றது. இத்திரும்பும் வழியையே கராச்சுகளில் 'ஏர்த்து' என்பர். கம்பியைப் பார்ப்பவர் பலர். திரும்பும் வழியைப் பார்ப்பவர் சிலர். மேற்படி லொறியில் வலப்பக்கப் பின்விளக்கைச் சட்டத்தோடு இணைத்த மரையாணியின் அடியிலே, மீன்பெட்டிகளிலிருந்து ஒழுகிய உப்புநீர் துருவைப் படரவிட்டிருந்தது. மேலே தீந்தை பளபளத்தது. கீழே தொடுப்பு இல்லை.

இனி நிகழ்வதைக் கவனிப்போம். பின்விளக்கின் குமிழிலே 21 உவாற்று இழையொன்று பிரேக்கிற்கும், 5 உவாற்று இழையொன்று வால்விளக்கிற்கும் உண்டு. இரண்டிற்கும் திரும்பும் வழி ஒன்றே. 12 உவோற்றில் எரியும்போது முன்னதன் தடை ஏறத்தாழ 7 ஓம். பின்னதன் தடை 29 ஓம். ஏர்த்து அறுந்த நிலையிற் பகலிற் பிரேக்கை மிதித்தால், 21 உவாற்று இழையினூடாக வந்த ஓட்டம் கீழே இறங்க வழியின்றி, 5 உவாற்று இழையினூடே பின்னோக்கி ஏறி, வால்விளக்குக் கம்பியை அடைந்து, அதனோடு தொடுத்த ஏனைய சிறுவிளக்குகள் வழியாகச் சட்டத்தைச் சேரும். சாரதி கண்ட பேய் இதுவே. சைகை விளக்கும் அதே ஏர்த்தைப் பகிர்வதால் அதன் துடிப்பும் அவ்வழியே பரவிற்று.

இரவில் நடப்பதோ இதனினும் கொடிது. விளக்குகள் எரிகையில், வால்விளக்கின் ஓட்டம் பிரேக்கு இழை வழியே சென்று, மறுபக்கப் பிரேக்கு விளக்கினூடாக இறங்கிவிடும். ஆகவே வால்விளக்கு சற்றே மங்கலாயினும் எரியும், எவருக்கும் ஐயம் தோன்றாது. பிரேக்கை மிதித்த கணத்தில் இரண்டு இழைகளின் மேன்முனைகளும் ஒரே அழுத்தத்தை அடைகின்றன. அழுத்த வித்தியாசம் இல்லாதவிடத்து ஓட்டம் ஏது? விளக்கு ஏறக்குறைய அணைந்தே போகின்றது. முந்திச் செல்ல விரும்புவோர் நம் நாட்டில் முதலிற் காண்பதும் வலப்பக்க விளக்கையன்றோ!

1827 ஆம் ஆண்டிலே தம் விதியை நூலாக வெளியிட்ட ஓம் என்பார், அதற்குமுன் கொலோன் நகரிற் பாடசாலை ஆசிரியராயிருந்தவர். அவர் விதியைக் கொண்டு இத்தகைய பழுதைக் காண உவோற்றுமானி ஒன்றே போதும். விளக்கை எரியவிட்டு, மானியின் ஒரு முனையை விளக்கின் உலோக உடலிலும் மறுமுனையை மின்கலவடுக்கின் ஏர்த்து முனையிலும் வைத்தல் வேண்டும். நல்ல தொடுப்பாயின் அரைக்காற் பங்கு உவோற்று அளவுக்கு மேற் காட்டாது. எமது லொறியில் அது 9 உவோற்றுக்கு மேற் காட்டிற்று. விளக்கை அணைத்துவிட்டு அளப்பதனாற் பயனில்லை. ஓட்டம் இல்லையேல் அழுத்தவிழப்பும் இல்லை. இதனை அறியாமலே பலர் மானியைக் குறை கூறுகின்றனர்.

இயக்கு மோட்டார் தயங்கும்போதும் இதே முறை உதவும். அது 200 அம்பியருக்கு மேலும் இழுக்கும். அவ்வழியில் 0.01 ஓம் தடை இருப்பினும் 2 உவோற்று இழக்கப்படும். 400 உவாற்று வெப்பம் அந்த ஒரு மூட்டிலே பிறக்கும். கையை வைத்தாலே சுடும். புதிய பற்றறி வாங்கு முன்னர் அந்தக் கம்பி முனைகளைத் தொட்டுப் பார்ப்பது மலிவான சோதனை.

குறுஞ்சுற்று வேறு வகையினது. பழைய வண்டிகளிற் கம்பியைப் போர்த்திய இறப்பரும் பருத்தி நூலும் காலத்தால் நொறுங்கி, செம்பு இரும்பைத் தொடும். உருகி உடனே எரியும். உருகிகளை ஒன்றன்பின் ஒன்றாக எரித்துத் தேடுதல் வீண் செலவு. உருகியைக் கழற்றி, அதனிடத்தில் 21 உவாற்றுக் குமிழொன்றைத் தொடுத்து, அச்சுற்றிலுள்ள விளக்குகளையெல்லாம் கழற்றிவிடுக. குறுஞ்சுற்று உள்ளவரை குமிழ் முழு ஒளியுடன் எரியும். ஓட்டமோ 2 அம்பியரைத் தாண்டாது. பின்னர்க் கம்பியைப் பகுதி பகுதியாக அசைத்தும் கழற்றியும் வருக. எவ்விடத்திற் குமிழ் அணைகின்றதோ அவ்விடத்திற் பழுது. கம்பி சட்டத்தின் துளையூடாகச் செல்லும் இடங்களையே நான் முதலிற் பார்ப்பது வழக்கம். உருகிக்குப் பதிலாகச் சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றும் பழக்கம் எம்மிடையே உண்டு. அப்போது உருகுவது தாளன்று, கம்பிக் கட்டே. டீசலும் எண்ணெயும் தோய்ந்த வண்டியில் அதன் விளைவை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஒஸ்ரின், மொறிஸ் முதலிய வண்டிகளிற் காணப்படும் லூக்காஸ் நிறமுறையை அறிந்தவருக்கு வேலை பாதியாகும். மண்ணிறம் மின்கலவடுக்கிலிருந்து நேரே வருவது, வெள்ளை திறப்பாளியைக் கடந்தது, பச்சை அதன்மேல் உருகியையும் கடந்தது, நீலம் முன்விளக்கு, சிவப்புச் சிறுவிளக்கு, கறுப்பு ஏர்த்து. ஆயினும் ஐம்பது ஆண்டு ஓடிய வண்டியிலே எத்தனையோ கைகள் கைக்கெட்டிய நிறத்தை இழுத்திருக்கும். நிறத்தை நம்புக; சோதித்தபின் நம்புக.

மீன் லொறிக்கு வருவோம். துருவை அரத்தாளாற் சுரண்டினால் அது அன்றே எரியும். ஆனால் அடுத்த மாரிக்கு முன் உப்புநீர் மீண்டும் தன் வேலையைச் செய்துவிடும். ஆதலால் இரு பின்விளக்குகளிலிருந்தும் தனிக் கறுப்புக் கம்பியை மின்கலவடுக்கின் ஏர்த்து முனை வரை இழுத்து, மூட்டுகளுக்கு வசிலீன் பூசினேன். வேலை தொடங்குமுன் ஏர்த்து முனையையே முதலிற் கழற்றினேன். மற்றையதை முதலிற் கழற்றும்போது சாவி சட்டத்திற் பட்டாற் பொறி பறக்கும். அக்காலப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் நேர்முனையே ஏர்த்தாக இருந்தமையால், எம்முனை ஏர்த்து என்பதையும் பார்த்துக் குறித்துக்கொண்டேன். முடிவில் மானி 0.05 உவோற்றுக் காட்டிற்று. சாரதி பிரேக்கை மிதித்துவிட்டு, மானிப் பலகையைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தவாறே இருந்தார்.