பனிக்காலச் சிண்டரெல்லா

1973இல் வெளியான ‘சிண்டரெல்லாவுக்கு மூன்று கொட்டைகள்’ செக்கோஸ்லோவாக்கியாவும் கிழக்கு ஜெர்மனியும் கூட்டாக எடுத்த குடும்பப் படம். ப்ராகின் பாரண்டோவ் ஸ்டூடியோவும் கிழக்கு ஜெர்மனியின் டெஃபா நிறுவனமும் இணைந்து தயாரிக்க, வாட்ஸ்லாவ் வோர்லீச்செக் இயக்கினார். கதை, 19ஆம் நூற்றாண்டுச் செக் எழுத்தாளர் போஷெனா நெம்ட்சோவா தொகுத்த நாட்டார் கதையைத் தழுவியது.

கோடையில் எடுக்கத் திட்டமிட்ட படம், டெஃபாவின் விருப்பத்தால் பனிக்காலத்துக்கு மாறியது. டிரெஸ்டனுக்கு அருகிலுள்ள மோரிட்ஸ்பர்க் கோட்டை இளவரசனின் அரண்மனையானது. பொஹிமியாவின் ஷ்விஹோவ் கோட்டை சிண்டரெல்லாவின் வீடானது. செக் நடிகர்கள் செக்கிலும் ஜெர்மானியர்கள் ஜெர்மனிலும் வசனம் பேச, பிறகு இரு மொழிகளிலும் டப்பிங் செய்தார்கள். இளவரசனாக நடித்த பாவெல் ட்ராவ்னீச்செக்கின் பேச்சில் மொராவிய வாடை அடித்ததால், செக் பதிப்பில்கூட அவருக்கு வேறொருவரே குரல் கொடுத்தார்.

ஆனால் படத்தின் உயிர் லிபுஷே ஷாஃப்ரான்கோவாதான். அவரது சிண்டரெல்லா யாராவது வந்து மீட்கட்டும் என்று அடுப்படியில் காத்திருப்பவள் அல்ல. குதிரையேறிக் காட்டில் பாய்கிறாள். வேட்டை உடையில் இளவரசனுக்கு எதிரே நின்று குறி தப்பாமல் அம்பெய்கிறாள். தேவதையும் இதில் இல்லை. மூன்று கொட்டைகளுக்குள்ளிருந்து வேட்டை உடை, நடன உடை, மணக்கோலம் என ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. காரெல் ஸ்வோபோடாவின் இசை இன்றும் பலர் நாவில் இருக்கிறது.

இதே வோர்லீச்செக் பின்னர் ‘அராபெலா’ என்ற தொலைக்காட்சித் தொடரையும் தந்தார். சிண்டரெல்லா படமோ ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் நார்வேயிலும் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு ஒளிபரப்பாகிறது. நார்வே 2021இல் அதை மறுபடியும் படமாக்கியது.