மாட்டின் வயதைக் கேட்டுத்தான் விலாக்கறி வேகும்

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “யூடியூபில் சொன்னபடி மாட்டு விலாக்கறியை எலும்போடு ஓவனில் வைத்தேன். உள்சூடு 55 டிகிரி வந்ததும் எடுத்தேன். கடிக்கவே முடியவில்லை. எங்கே தவறினேன்?”

தவறு அவருடையதல்ல. அந்த 55 டிகிரி, அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டி வெட்டப்படும் மாட்டுக்கான கணக்கு. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, மாட்டை வெட்டச் சான்று வாங்க அதற்கு 10 வயது தாண்டியிருக்க வேண்டும். வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாததாக இருக்க வேண்டும். காயம், ஊனம், தீராத நோய் ஆகியவற்றால் நிரந்தரமாகப் பயன்படாமல் போன மாட்டுக்கு மட்டுமே வயதில் விலக்கு. ஆகவே நம் கறிக்கடைக்கு வருவது பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த மாடு.

வயதான மாட்டில் அப்படி என்ன மாறுகிறது? விடை கொலாஜன் என்னும் புரதத்தில் இருக்கிறது. தசைநார்களை வைக்கோல் கட்டுகளாகவும் கொலாஜனை அவற்றைச் சுற்றிய முப்புரிக் கயிறாகவும் வைத்துக்கொள்வோம். கன்றிலும் கயிறு உண்டு, கிழமாட்டிலும் உண்டு, வேறுபடுவது முடிச்சு. இளமையில் ஒரு கயிற்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே விழுவது உருவாஞ்சுருக்கு; சூடு பட்டதும் அவிழும். வயது ஏற ஏற அது மூன்று கயிறுகளைச் சேர்த்திறுக்கும் முடிச்சாகிறது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த வண்டிக்கயிற்று முடிச்சைப் போல, லேசான சூட்டுக்கு அது அசையாது.

வியப்பு இனிமேல்தான். 60 டிகிரியைத் தாண்டியதும் கயிறு அவிழ்வதில்லை, சுருங்குகிறது! கட்டை நெரித்து உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து தள்ளுகிறது. அரை மணி நேரம் வெந்த கறி பச்சைக்கறியைவிட விறைப்பாக இருப்பது இதனால்தான். அங்கே அடுப்பை அணைப்பவர்தான் ரப்பரை மெல்கிறார். 80, 90 டிகிரியில் மணிக்கணக்கில் விட்டால் முடிச்சுகள் ஒவ்வொன்றாக விட்டுப்போய், கயிறே கரைந்து ஜெலட்டினாகிறது. நீரிழந்து கிடக்கும் நார்களின்மேல் அது வழவழப்பாகப் படிகிறது. நாக்கு அதைத்தான் மென்மை என்கிறது.

‘முதலில் சுள்ளென்று வாட்டினால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும்’ என்பது ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1847-இல் பரப்பிய கருத்து. பூட்டியிருந்தால் வாணலி ஏன் தொடர்ந்து சீறுகிறது? அந்தச் சீறலே வெளியேறும் நீர்தான். வாட்டுவது மணத்துக்கு மட்டும். கறி சிவந்து மணக்கும் அந்த வினைக்கு, 1912-இல் விளக்கம் தந்த பிரெஞ்சு வேதியியலாளர் மய்யாரின் பெயரே வழங்குகிறது. கறியை மென்மையாக்கத் தடவும் பப்பாளிக்காய் விழுதும் மேற்புறத்தோடு நின்றுவிடும். கனத்த துண்டின் நடுவுக்கு எட்டாது.

ஆகவே வரிசையைத் திருப்புங்கள். உப்பு, மஞ்சள், இஞ்சி-பூண்டு, கொஞ்சம் தண்ணீர். குக்கருக்குள் சூடு 120 டிகிரியை எட்டுவதால் மணிக்கணக்கு நிமிடக்கணக்காகிவிடும். முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 40 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். கரண்டிக் காம்பு தடையின்றி இறங்காவிட்டால் இன்னொரு 15 நிமிடம். பிறகு ஈரம் போகத் துடைத்து, மிளகுத்தூள் தடவி, 220 டிகிரி ஓவனிலோ காய்ந்த இரும்புக் கல்லிலோ சிவக்க விடுங்கள். குக்கரில் மிஞ்சிய சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், கரைந்த கொலாஜன் அதில்தான் இருக்கிறது. சுண்டவைத்து மேலே ஊற்றுங்கள்.

விலை உயர்ந்த ஓவனோ தெர்மாமீட்டரோ இந்தக் கறிக்குத் தேவையில்லை. எந்த வயது மாட்டுக்கு எழுதிய குறிப்பு என்று முதலில் கேளுங்கள்; அதைச் சொல்லாத செய்முறையை நம்பிக் கறி வாங்காதீர்கள்.